நிலாவை டிவியில் பார்த்தீர்களா?

(வாசகர் கேள்வி பதில்)

போன இதழில் ஒரு அம்மா பழைய வால்வு ரேடியோவைத் தூக்கி எறியலாமா என்று கேட்டிருந்தார். எறியாதீர்கள் என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன்: மனிதன் நிலாவில் இறங்கியதை இந்தத் தென்னாப்பிரிக்காவில் நாங்கள் ரேடியோவில்தான் கேட்டோம், டிவியில் பார்க்கவில்லை என்று. அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. சிலர் சண்டைக்கே வந்துவிட்டார்கள். மற்றவர்கள் விண்வெளி சீரியல்களில் எது நடந்தது, எது கட்டுக்கதை என்று கேட்டிருக்கிறார்கள். நான் விஞ்ஞானி இல்லை. டர்பனில் கிரே ஸ்ட்ரீட்டை ஒட்டிய ஒரு சந்தில் நாற்பது வருடம் ரேடியோவும் டிவியும் ரிப்பேர் செய்தவன். ராக்கெட் பற்றி எது கையில் கிடைத்தாலும் விடாமல் படிப்பேன், அவ்வளவுதான். இன்வர்ட்டர், மைக்ரோவேவ் கேள்விகள் அனுப்பியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நீங்கள் எழுதியது தப்பு ஐயா. 1969இல் எனக்குப் பதினொரு வயது. ஆம்ஸ்ட்ராங் ஏணியில் இறங்கியதை டிவியில் என் கண்ணால் பார்த்தேன். மாமா வீட்டு ஹாலில் எல்லோரும் கூடி உட்கார்ந்திருந்தோம். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.
— வெருலத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: கோபப்படாதீர்கள் ஐயா. உங்கள் மாமா வீட்டு ஹால் இருந்திருக்கும், கூட்டம் இருந்திருக்கும், ஜூலை மாதத்துக் குளிரும் இருந்திருக்கும். டிவி மட்டும் இருந்திருக்க முடியாது. நம் நாட்டில் நாடு தழுவிய டிவி ஒளிபரப்பு தொடங்கியது 1976 ஜனவரி 5ஆம் தேதி. அதற்கு முன்னால் தபால் தந்தி மந்திரியாக இருந்த ஆல்பர்ட் ஹெர்ட்சாக், டிவியே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவர். அது வீட்டுக்குள் வரும் குட்டி பயாஸ்கோப், பெற்றோர் கட்டுப்படுத்த முடியாது என்பது அவர் வாதம். அதனால் உலகத்தில் கோடிக்கணக்கான பேர் நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தங்கமும் வைரமும் தோண்டுகிற இந்த நாடு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஜனங்கள் முணுமுணுத்த பிறகு, பதிவு செய்த படத்தைப் பதினைந்து நிமிடம் பார்க்க அரசாங்கம் ஏற்பாடு செய்தது. அதுவும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

நம் நேரப்படி கலம் தரை தொட்டது ஞாயிற்றுக்கிழமை இரவு 10.17. ஆம்ஸ்ட்ராங் காலை வைத்தது திங்கட்கிழமை விடியற்காலை 4.56. மேகசின் பாரக்ஸ் என்ற கார்ப்பரேஷன் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து எங்களைக் கிளப்பி சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் விட்டு அப்போது சில வருடம்தான் ஆகியிருந்தது. அப்பா கார்ப்பரேஷனில் தெரு கூட்டும் பகுதியில் வேலை. மேகசின் பாரக்ஸில் இருந்தபோது நடந்தே வேலைக்குப் போவார், சாட்ஸ்வொர்த்திலிருந்து இரண்டு பஸ். இரவு முழுக்க எங்களோடு ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தவர், நாலே முக்காலுக்கு டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பதினொரு நிமிடத்தில் கோட்டைவிட்டார். பஸ் நிலாவுக்காக நிற்காதே.

இப்போது என் கதையையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் தனியாக இல்லை என்று தெரிவதற்காக. ரேடியோவில்தான் கேட்டேன் என்று சத்தியம் செய்யும் எனக்கே, கண்ணை மூடினால் ஆம்ஸ்ட்ராங் இறங்குவது படமாகத் தெரிகிறது. வண்ணத்தில் தெரிகிறது. நிலாத் தரையில் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்து எடுத்த மாதிரி, பூட்ஸின் அடிப்பாகம்கூடத் தெரிகிறது. ஒருநாள் சால்டரிங் செய்துகொண்டிருந்தபோது சட்டென்று தோன்றியது: முதல் மனிதன் இறங்குவதற்கு முன்னால் கீழே கேமரா வைத்தது யார்? உண்மையான கேமரா கலத்தின் பக்கவாட்டில் மடித்து வைத்த ஒரு தட்டில் இருந்தது. ஆம்ஸ்ட்ராங் ஏணியில் நின்றபடி ஒரு பிடியை இழுத்ததும் தட்டு விரிந்தது. வந்தது கருப்பு வெள்ளைப் படம், முதலில் தலைகீழாக வேறு வந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் அசைவது போலத்தான் இருக்கும். என் தலைக்குள் இருந்த வண்ணப் படம் பிற்காலத்து நாடகங்களில் பார்த்தது. அது வந்து உட்கார்ந்து, ரேடியோ ஞாபகத்தைத் தள்ளிவிட்டுவிட்டது. உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் மாமா வீட்டு ஹாலில் எந்த மூலையில் ரேடியோ இருந்தது என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் நீங்கள் டிவியில் முதன்முதலில் பார்த்த விண்வெளி வீரர் யார்?
— சாட்ஸ்வொர்த் உயர்நிலைப் பள்ளி மாணவி

பதில்: ஸ்டீவ் ஆஸ்டின். நிஜ ஆள் இல்லை அம்மா, சீரியல் ஆள். விபத்தில் சிக்கிய விண்வெளி வீரருக்கு இயந்திரக் கை, கால், கண் வைத்துவிடுவார்கள், அறுபது மைல் வேகத்தில் ஓடுவார். நம் டிவியில் அப்போது ஒரே சேனல், அதில் பாதி ஆங்கிலம், பாதி ஆஃப்ரிகான்ஸ். நிறவெறிச் சட்டங்களை எதிர்த்து பிரிட்டன் நடிகர் சங்கம் தங்கள் நிகழ்ச்சிகளை நமக்கு விற்கக் கூடாது என்று தடை போட்டிருந்ததால் அமெரிக்கச் சரக்குதான் நிறைய வந்தது. ஆஸ்டின் சீரியலை ஆஃப்ரிகான்ஸில் டப் செய்து போட்டார்கள். எங்கள் ஆயா முழு எபிசோடையும் பார்த்துவிட்டு, "வானத்துக்குப் போய்வந்தவனும் இந்தப் பாஷைதான் பேசுறானா?" என்று கேட்டாள். ஆயாவுக்கு ஆஃப்ரிகான்ஸ் என்றால் பாஸ் (நடமாட அனுமதிச் சீட்டு) கேட்கும் போலீஸ்காரன் குரல்.

கேள்வி: ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். நிலாவில் முதலில் இறங்கியவர் யார் என்ற கேள்விக்கு ஒரு பையன் 'லியோனோவ், ரஷ்யா' என்று எழுதியிருந்தான். தப்புப் போட்டேன். மறுநாள் அவன் அப்பாவே வந்து, சீரியலில் அப்படித்தான் காட்டுகிறார்கள் என்கிறார்! என்ன செய்வது?
— ஃபீனிக்ஸிலிருந்து ஒரு ஆசிரியை

பதில்: தப்புப் போட்டது சரிதான் டீச்சர். ஆனால் அந்தப் பையனைக் கூப்பிட்டுத் தட்டிக்கொடுங்கள், லியோனோவ் பெயர் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அவர்கள் பார்த்தது 2019இல் தொடங்கிய 'ஃபார் ஆல் மேன்கைண்ட்'. அது 'இப்படி நடந்திருந்தால்' என்ற வகைக் கதை. முதல் எபிசோடிலேயே சோவியத் வீரர் நிலாவில் இறங்கிவிடுவார், அதற்கப்புறம் உலகம் எப்படி மாறியிருக்கும் என்று தொடர் போகும். அதற்கு அவர்கள் பிடித்த நூல் சாமர்த்தியமானது. சோவியத் ராக்கெட் வேலையைத் தலையில் சுமந்தவர் செர்கேய் கொரோலியோவ். அவர் உயிரோடு இருந்தவரை பெயரைக்கூட வெளியே சொல்லாமல், தலைமை வடிவமைப்பாளர் என்று மட்டும் குறிப்பிட்டார்கள். 1966 ஜனவரியில், 59 வயதில், ஒரு ஆபரேஷனின்போது இறந்துபோனார். கதையில் அவர் பிழைத்துக்கொள்கிறார். உண்மையில் அவர் போன பிறகு சோவியத்தின் பெரிய நிலா ராக்கெட்டை 1969க்கும் 1972க்கும் இடையில் நான்கு தடவை ஏவினார்கள். நான்கும் தோல்வி. இரண்டாவது, ஆம்ஸ்ட்ராங் போன அப்போலோ 11 கிளம்புவதற்கு இரண்டு வாரம்கூட இல்லாதபோது, ஏவுதளத்திலேயே விழுந்து வெடித்தது.

லியோனோவ் நிஜ மனிதர். 1965 மார்ச் 18 அன்று கலத்தை விட்டு வெளியே வந்து விண்வெளியில் மிதந்த முதல் ஆள். சுமார் 12 நிமிடம். திரும்பும்போது உடை பலூன் மாதிரி உப்பிப்போய் வாசலுக்குள் நுழைய முடியவில்லை. உடையிலிருந்த காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். இதை வகுப்பில் சொல்லுங்கள், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

அந்தத் தொடரில் பெண்களும் எழுபதுகளிலேயே நிலாவுக்குப் போகிறார்கள். நிஜத்தில் நிலாவில் நடந்த 12 பேரும் ஆண்கள். ஜெரி காப் என்ற பெண் விமானி, வீரர்களுக்கு வைத்த அதே மருத்துவச் சோதனைகளில் தேறினார். 1962இல் அமெரிக்க காங்கிரஸ் விசாரணையில் போய்ப் பேசியும் பார்த்தார். பெண்கள் இல்லாதது நம் சமூக அமைப்பின் ஒரு உண்மை என்ற ரீதியில் அங்கே எதிர்த்துப் பேசியவர்களில், பூமியைச் சுற்றிவந்த முதல் அமெரிக்கர் ஜான் க்ளென்னும் ஒருவர், எல்லா நாடகத்திலும் தங்கமான மனிதராக வருகிறாரே, அவரேதான். அடுத்த வருடமே சோவியத்திலிருந்து தெரெஷ்கோவா என்ற பெண் போய்வந்துவிட்டார். அமெரிக்கப் பெண் ஒருவர் போக 1983 வரை ஆனது.

பையனின் அப்பாவுக்கு நான் சொல்வது இதுதான்: இது கற்பனை என்று முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு வருகிற கதையால் ஆபத்து குறைவு. 'உண்மைச் சம்பவம்' என்று போட்டுக்கொண்டு வருவதைத்தான் உஷாராகப் பார்க்க வேண்டும். அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

கேள்வி: அமெரிக்காவின் முதல் ஏழு விண்வெளி வீரர்கள் பற்றிய பழைய படம் ஒன்றைப் பேரனோடு பார்த்தேன். கஸ் கிரிஸம் என்பவர் கடலில் இறங்கியதும் பயந்துபோய், கலத்தின் கதவை வெடிக்க வைத்துவிட்டது போலக் காட்டினார்கள். கலம் மூழ்கிவிடுகிறது. பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். உண்மையிலேயே அவர் அப்படிப்பட்டவரா?
— லெனேசியாவிலிருந்து ஒரு தாத்தா

பதில்: இந்த ஒரு கேள்விக்காகவே இந்த மாதம் பேனாவை எடுத்தேன்.

நீங்கள் பார்த்தது 1983இல் வந்த 'தி ரைட் ஸ்டஃப்'. அதே பெயரில் 2020இல் எட்டு எபிசோட் சீரியலும் வந்தது. அது கிரிஸத்துக்கு முன்னால் போன ஆலன் ஷெப்பர்டின் பயணத்தோடு நின்றுவிட்டதால் கிரிஸம் தப்பித்தார்.

நடந்தது 1961 ஜூலை 21. பதினைந்து நிமிடப் பயணம் முடிந்து கிரிஸத்தின் கலம் அட்லாண்டிக்கில் இறங்கியது. ஹெலிகாப்டர் வந்து கொக்கி மாட்டும்வரை உள்ளேயே இருக்க வேண்டும், அப்புறம் ஒரு குமிழைக் குத்தினால் கதவின் போல்ட்டுகள் வெடித்துக் கதவு பறக்கும். அதுதான் ஏற்பாடு. ஆனால் ஹெலிகாப்டர் பக்கத்தில் வரும்போதே கதவு பறந்துவிட்டது. தண்ணீர் உள்ளே பாய்ந்தது. கிரிஸம் கடலில் குதித்தார். உடையில் காற்றுக் குழாய் மாட்டும் வாய் மூடாமல் இருந்ததால் உடைக்குள்ளும் தண்ணீர் ஏறியது. ஊரில் பிள்ளைகளுக்கு நினைவுப் பொருளாகக் கொடுக்கலாம் என்று பத்து சென்ட் காசுக் கட்டுகளை வேறு எடுத்துப் போயிருந்தார். மனிதர் மூழ்கிச் சாகப் பார்த்தார். ஹெலிகாப்டர் கலத்தைத் தூக்க முயன்று, பாரம் தாங்காமல் விட்டுவிட்டது. கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்த அந்தக் கலத்தை 1999இல்தான் மேலே கொண்டுவந்தார்கள்.

நான் எதையும் தொடவில்லை, அதுவாக வெடித்தது என்றார் கிரிஸம். சாகும்வரை அதையே சொன்னார்.

முதலில் இதைப் படித்தபோது நானும் சிரித்தேன். என் கடை வாசலில் நாற்பது வருடம் நான் கேட்ட வசனம் இது. "அண்ணா, நான் ஒண்ணுமே தொடல, தானா நின்னுபோச்சு." சொன்னவர்களில் பலர் பின்பக்கத்தைத் திறந்து கத்தியால் குடைந்திருப்பார்கள், திருகாணியில் கீறல் தெரியும். ஆனால் எல்லோரும் இல்லை. ஒருமுறை ஒருவர் பெரிய பெட்டியோடு மகனையும் இழுத்துக்கொண்டு வந்தார். பையன் கன்னத்தில் விரல் தடம். அவன்தான் கெடுத்தான் என்றார். திறந்து பார்த்தால், உள்ளே ஒரு கெப்பாசிட்டர் உப்பி வாய்பிளந்து கிடக்கிறது. யாருடைய விரலும் அங்கே போக முடியாது. காட்டினேன். அப்பா ஒன்றும் பேசவில்லை, மேஜையில் பணத்தை வைத்தார். கொடுத்த அறையைத் திரும்ப வாங்கவா முடியும்?

கிரிஸம் விஷயத்திலும் பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் இருந்தார்கள். அடுத்த வருடம் அந்த ஏழு பேரில் ஒருவரான வால்லி ஷிரா, கிரிஸம் போன அதே மெர்க்குரி வகைக் கலம் ஒன்றில் போய்வந்து, கப்பலின் தளத்தில் வைத்து வேண்டுமென்றே அந்தக் குமிழைக் குத்தினார். குமிழ் உதைத்ததில் கையில் காயம். கிரிஸத்தின் கையில் அப்படி ஒரு சிராய்ப்புகூட இல்லை. அப்புறம் இன்னொன்று யோசியுங்கள். பயந்தாங்கொள்ளி என்று மேலதிகாரிகள் நினைத்திருந்தால், 1965இல், அடுத்து வந்த ஜெமினி வரிசையில் ஆள் ஏறிய முதல் கலத்தை அவரிடம் கொடுத்திருப்பார்களா? அதற்கப்புறம் முதல் அப்போலோவையும் அவரிடமேதான் ஒப்படைத்தார்கள்.

அந்த அப்போலோதான் அவரைக் கொன்றது. 1967 ஜனவரி 27, தரையில் ஒத்திகை. கலத்துக்குள் சுத்தமான ஆக்ஸிஜன், வெளியே இருப்பதைவிடக் கூடுதல் அழுத்தத்தில். ஒரு பொறி, தீ. அந்தக் கலத்தின் கதவு உள்பக்கமாகத் திறப்பது. உள்ளே அழுத்தம் ஏறியதும் யாராலும் அதை அசைக்க முடியவில்லை. எட் வைட், ரோஜர் சாஃபி, கிரிஸம், மூன்று பேரும் போய்விட்டார்கள்.

படம் வந்தது அதற்குப் பதினாறு வருடம் கழித்து. பதில் சொல்ல அவர் இல்லை. மனைவியும் இரண்டு மகன்களும் இருந்தார்கள்.

படம் எடுத்தவர்களை வில்லன்களாக நான் சொல்லவில்லை. ஏழு வீரர்கள் கதையில் ஒருவன் மேலே போனால் இன்னொருவன் கீழே விழ வேண்டும், இல்லாவிட்டால் கதை நகராது. ஒரு இயந்திரம் தானாகக் கெட்டது என்பதை நடிகரை வைத்துக் காட்ட முடியாது. பயத்தைக் காட்டலாம், அதற்கு முகம் இருக்கிறது. உங்கள் பேரனிடம் ஷிராவின் கையைப் பற்றிச் சொல்லுங்கள் தாத்தா.

கேள்வி: எல்லா விண்வெளிப் படத்திலும் பேச்சுக்கு நடுவில் 'பீப்' என்று ஒரு சத்தம் வருகிறதே, அது எதற்கு?
— ஸ்டாங்கர் வாசகர்

பதில்: ஆஹா, என் தொழில் சம்பந்தப்பட்ட கேள்வி. பூமியிலிருந்து பேசுபவர் ஹூஸ்டனில், நாசாவின் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பார். டிரான்ஸ்மிட்டரோ உலகத்தில் எங்கோ தொலைவில் இருக்கும். நடுவில் டெலிபோன் கம்பி. இவர் பேசப் பித்தானை அழுத்தும்போது அந்தத் தூரத்து டிரான்ஸ்மிட்டர் திறக்க வேண்டும், விட்டதும் மூட வேண்டும். அதற்குத்தான் அந்தச் சத்தம். திறக்க 2,525 ஹெர்ட்ஸ், மூட 2,475 ஹெர்ட்ஸ், கால் விநாடி. கூர்ந்து கேட்டால் இரண்டாவது கொஞ்சம் தணிந்திருப்பது தெரியும். ஆகவே பூமியிலிருந்து பேசும்போது மட்டும்தான் பீப் வர வேண்டும். சீரியல்களில் மசாலா மாதிரி எங்கே வேண்டுமானாலும் தூவிவிடுகிறார்கள்.

அதைவிட எனக்கு எரிச்சல், பதில் வரும் வேகம். நிலாவுக்கு ரேடியோ அலை போகவே சுமார் 1.3 விநாடி. கேள்வி கேட்டால் பதில் வர இரண்டரை விநாடிக்கு மேல் ஆகும். நாடகத்தில் ஹூஸ்டனும் நிலாவும் மாமியார் மருமகள் மாதிரி வாய்க்கு வாய் பேசிக்கொள்கிறார்கள். அன்று ரேடியோவில் அந்த இடைவெளிதான் எங்களைக் கொன்றது. ஒவ்வொரு தடவையும், ஐயோ போச்சு என்று ஆயா நெஞ்சில் கை வைப்பாள்.

கேள்வி: நாசாவில் கணக்குப் போட்ட கறுப்பினப் பெண்கள் பற்றிய படத்தில், பெரிய அதிகாரி கடப்பாரையால் 'கறுப்பருக்கு மட்டும்' கழிவறைப் பலகையை அடித்து உடைக்கும் காட்சி வரும். என் அம்மா அழுதுவிட்டார். அது நடந்ததா?
— பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு வாசகி

பதில்: நடக்கவில்லை அம்மா. 'ஹிட்டன் ஃபிகர்ஸ்' 2016இல் வந்த படம், டிவியில் அடிக்கடி போடுகிறார்கள். அந்த அதிகாரியே பல பேரைச் சேர்த்துப் பிசைந்த கற்பனைப் பாத்திரம். படத்தின் நாயகி கேத்தரின் ஜான்சன் உண்மையில் பலகை இல்லாத கழிவறைக்குத் தன் பாட்டுக்குப் போய்வந்தார், யாரோ முறையிட்டபோதும் கண்டுகொள்ளவில்லை. படத்தில் காட்டுவது போல அரை மைல் ஓடவில்லை. க்ளென்னுக்காக அவர் கணக்கைச் சரிபார்த்ததும் உண்மை, ஆனால் ராக்கெட் புகைந்துகொண்டிருக்கும் நேரத்தில் இல்லை, முன்னதாகவே. என்னைக் கேட்டால் நிஜக் கதைதான் உசத்தி. படத்தில் ஒரு வெள்ளைக்காரர் கடப்பாரை எடுத்தால்தான் கதவு திறக்கிறது. நிஜத்தில் அந்த அம்மா திறந்துகொண்டு போனார். டர்பன் கடற்கரையில் நம் ஆட்கள் எந்த மணலில் நிற்கலாம் என்று சொன்ன பலகைகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றைப் பிடுங்க எந்த நல்ல துரையும் கடப்பாரையோடு வந்ததில்லை.

இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். நான் பார்த்த எந்தத் தொடரிலும் இது வரவில்லை. ஜோஹானஸ்பர்க்குக்கு வடமேற்கே மலைகளுக்கு நடுவில், ஹார்ட்டபீஸ்ட்ஹூக்கில், 1961இல் நாசா 26 மீட்டர் குறுக்களவுள்ள ஒரு தட்டு ஆன்டெனாவை வைத்தது. ரேஞ்சர், சர்வேயர், லூனார் ஆர்பிட்டர் என்று நிலாவுக்குப் போன ஆளில்லாக் கலங்களோடும், செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் போன மரினர் கலங்களோடும் பேசிய தட்டு அது. எங்கே இறங்கலாம் என்று அப்போலோவுக்கு இடம் தேடியவை அந்த ஆர்பிட்டர்கள்தாம். ஆக, நிலாவின் சேதி இந்த நாட்டு மலைக்கு வந்து விழுந்துகொண்டிருந்த அதே வருடங்களில், இந்த நாட்டு வீடுகளில் டிவி இல்லை. அந்த நிலையத்திலும் நிறப்பாகுபாடு இருந்தது. அமெரிக்க காங்கிரஸின் கறுப்பின உறுப்பினர்கள், நம் வரிப்பணத்தில் இது நடக்கலாமா என்று விடாமல் கேட்டார்கள். எழுபதுகளின் நடுவில் நாசா மூட்டை கட்டியது. தட்டு இங்கேயே இருக்கிறது, நம் வானியல்காரர்கள் அதை வைத்து நட்சத்திரங்களைக் கேட்கிறார்கள். இதை ஒரு சீரியலாக எடுக்க நம் பிள்ளைகளில் யாராவது வரட்டும்.

கேள்வி: 'ராக்கெட் பாய்ஸ்' பார்த்தோம். நம் கலாம் ஐயா வருகிறார் என்பதற்காகவே பார்த்தோம். இந்தியாவில் ராக்கெட்டை மாட்டு வண்டியில் கொண்டுபோனது உண்மைதானே?
— டோங்காட் குடும்பம்

பதில்: சைக்கிள் உண்மை, மாட்டு வண்டியும் உண்மை, ஆனால் இரண்டும் வேறு வேறு கதை. 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. மீனவர் கிராமம், ஒரு மாதா கோயில்தான் அலுவலகம். ராக்கெட் பாகங்களைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனது அந்தக் காலம். மாட்டு வண்டி 1981, அதில் இருந்தது 'ஆப்பிள்' என்ற செயற்கைக்கோள். லாரி வாங்கக் காசில்லாமல் இல்லை. ஆன்டெனாவைச் சோதிக்கும்போது சுற்றிலும் இரும்பு இருந்தால் அலைகள் அதில் பட்டுத் திரும்பி அளவைக் கெடுக்கும். மரவண்டியில் அந்தத் தொல்லை இல்லை. டிவி ஏரியலைத் தகரக் கூரைக்கு ஒட்டி வைத்துவிட்டு, படம் இரண்டாகத் தெரிகிறது என்று என்னிடம் வந்தவர்களுக்கு இது உடனே புரியும்.

2022இல் வந்த அந்தத் தொடர் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அணு விஞ்ஞானி ஹோமி பாபாவோடு மோதிக்கொண்டே இருக்கும் ராஸா மெஹ்தி என்ற விஞ்ஞானி, அப்படி ஒருவர் கிடையாது. பாபாவோடு நிஜமாகக் கருத்து வேறுபட்டவர் மேகநாத் சாஹா, வங்காளத்தின் ஏழைக் குடும்பத்திலிருந்து வந்த மகா மேதை. அவரை அவராகவே காட்டியிருந்தால் நமக்கு ஒரு நல்ல மனிதரைத் தெரிந்திருக்கும். கலாமாக நடித்த பையன் பரவாயில்லை, தலைமுடி சரியாக இருந்தது.

கேள்வி: சரி ஐயா, எதைத்தான் நம்பிப் பார்ப்பது? ஒன்று சொல்லுங்கள்.
— ஏழெட்டுக் கடிதங்களில் இதே கேள்வி

பதில்: 'ஃப்ரம் தி எர்த் டு தி மூன்'. 1998, பன்னிரண்டு எபிசோட். அதிலும் கற்பனை இருக்கிறது, எல்லா இடத்திலும் மூக்கை நுழைக்கும் அந்த டிவி நிருபர் எமெட் சீபார்ன் நிஜ ஆள் இல்லை. ஆனாலும் ஐந்தாவது எபிசோடை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். நிலாவில் இறங்கும் கலத்தைக் கட்டிய தொழிற்சாலை ஆட்களின் கதை. பாரத்தைக் குறைக்க வேண்டும், இருக்கையைத் தூக்கு, நின்றுகொண்டே ஓட்டட்டும் என்று முடிவெடுக்கிறார்கள். சண்டை இல்லை, வில்லன் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து வேலை செய்தவனுக்கு அது போதும்.

ஏழாவதும் பாருங்கள், அப்போலோ 12. கிளம்பிய முதல் ஒரு நிமிடத்துக்குள் இரண்டு தடவை மின்னல் அடித்தது. ஹூஸ்டனில் திரை முழுக்க அர்த்தமில்லாத எண்கள். ஜான் ஆரன் என்ற 26 வயதுப் பையன் மட்டும், இந்த மாதிரி எண்களை ஒரு வருடம் முன்னால் ஒரு சோதனையில் பார்த்தது ஞாபகம் வந்து, ஒரு ஸ்விட்சின் பெயரைச் சொன்னான். அவன் மேலதிகாரிக்கே அது என்ன ஸ்விட்ச் என்று தெரியாது. மேலே கலத்தில் ஆலன் பீனுக்குத் தெரிந்திருந்தது. தட்டினார், எண்கள் திரும்பின. இதில் நாடகக்காரர்கள் எதையும் சேர்க்க வேண்டிய அவசியமே வரவில்லை.

அதற்கப்புறம் ஒருநாள் அப்போலோ 11இன் ஒலிப்பதிவைத் தேடி எடுத்து, படம் எதுவும் இல்லாமல், விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். 1202 என்ற அபாய எண் வரும்போது எவ்வளவு சாதாரணக் குரலில் பேசிக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். நாங்கள் கேட்டது அப்படித்தான், கூடவே நிறைய இரைச்சல்.

அந்தத் திங்கட்கிழமை சாயந்திரம் அப்பா வேலை முடிந்து வந்தார். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"இறங்கினானா?"

"இறங்கிட்டான் அப்பா."

"தரை எப்படி இருக்காம்?"

காலை வைத்ததும் ஆம்ஸ்ட்ராங் அதைத்தான் சொன்னார், நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். "பொடியா இருக்காம்பா. மாவு மாதிரி."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ தண்ணி தெளிக்காம கூட்ட முடியாதே" என்று சொல்லிவிட்டு, கை கால் கழுவப் போனார்.